ஆத்தங்குடிக் கல்லும் கடுக்காய்த் தண்ணீரும்

வீடு கட்டுவோர் கேள்விகளுக்குப் பதில்: காரைக்குடியில் 28 ஆண்டுகளாகக் கட்டட வடிவமைப்பாளராக இருப்பவர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கைவேலையைப் பற்றியவை. புது வீட்டில் பழைய வேலைப்பாடு வேண்டும் என்று கேட்கிறவர்கள், பழைய வீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்கள், அந்த வேலையையே தொழிலாகச் செய்கிறவர் ஒருவர். அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புது வீட்டு ஹாலில் ஆசைப்பட்டு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். கிரகப்பிரவேச நாள் நெருங்கிவிட்டதால் தரைக் கான்கிரீட் போட்ட பத்தாம் நாளே பதித்துவிட்டார்கள். இப்போது சிவப்புக் கல் மேலெல்லாம் வெள்ளையாகப் பூக்கிறது. துடைத்தால் போகிறது, காய்ந்ததும் திரும்ப வருகிறது. ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்கிறார் பதித்தவர். எங்களுக்குக் கொடுத்தது போலிக் கல்லா?
— வாசகி, உடுமலைப்பேட்டை

ஆசிட் பாட்டில் வீட்டில் இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்த கல் அல்ல, அது சிமெண்ட். ஆசிட் பட்டால் சிமெண்ட் கரையும். பூத்திருக்கிற வெள்ளையோடு சேர்ந்து கல்லின் முகமும் போய்விடும். பிறகு எந்தப் பாலீஷ் போட்டாலும் அந்த முகம் திரும்ப வராது.

போலி என்று நினைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால், மிச்சம் வைத்திருக்கிற கல்லில் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். முதுகு சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். உடைந்த துண்டு கிடைத்தால் ஓரத்தைப் பாருங்கள். வண்ணம் மேலே ஒட்டிய தாள் மாதிரி இருக்காது, ஒரு கனத்தோடு உள்ளே இறங்கியிருக்கும். கடைகளில் ஆத்தங்குடி டிசைன் என்று விற்கிறார்களே, பீங்கான் மேல் அச்சடித்தது, அதில் இந்தக் கனம் இருக்காது.

அந்தக் கனம் எப்படி வருகிறது என்று தெரிந்தால், பூப்பது ஏன் என்பதும் விளங்கும். ஒரு நாள் ஆத்தங்குடிக்கே வாருங்கள், காரைக்குடியிலிருந்து பக்கம்தான். பட்டறையில் ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்து வைப்பார்கள். அதன் மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் கைப்பிடி வைத்த அச்சு. பூவுக்கு ஓர் அறை, இலைக்கு ஓர் அறை, ஓரத்துக்கு ஓர் அறை. சிமெண்டும் மணலும் வண்ணப்பொடியும் கலந்த கூழைக் கரண்டியால் மோந்து அறை அறையாக ஊற்றுவார்கள். நான் அடிக்கடி போய் நிற்கிற பட்டறையில் ஓர் அம்மா இருக்கிறார். மஞ்சளை ஊற்றும்போது கரண்டியின் மூக்கை லேசாக ஓர் ஆட்டு ஆட்டுவார், கூழ் மூலை வரைக்கும் தானே ஓடிவிடும். அச்சைத் தூக்குகிற நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். நேராகத் தூக்கினால் கோடு கோடாக நிற்கும். கை ஒரு நூல் சாய்ந்தாலும் பச்சை மஞ்சளுக்குள் போய்விடும். அப்புறம் உலர்ந்த சிமெண்ட் மணல் கலவையை மேலே தூவுவார், கூழில் இருக்கிற உபரித் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். அதன் மேல் ஈரச் சாந்து வைத்து, கரணையால் இழுத்துச் சமன் செய்து, கண்ணாடியோடு அப்படியே ஓரமாக நகர்த்தி வைத்துவிடுவார். இறுகிய பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெயில். கண்ணாடியைக் கழற்றினால் கல்லின் முகம் பளபளவென்று இருக்கும். அதற்கு மெஷினும் இல்லை, ரசாயனமும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பைக் கல் அப்படியே வாங்கிக்கொள்கிறது.

சரி, வெள்ளைக்கு வருவோம். சிமெண்ட் இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு தனியாக மிஞ்சும். அடியில் ஈரம் இருந்தால் அது இந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மேலே வரும். வெளியே வந்ததும் தண்ணீர் காற்றில் போய்விடும், சுண்ணாம்பு வெள்ளைத் தூளாக நின்றுவிடும். உங்கள் வீட்டில் தளம் காய்வதற்கு முன்பே அதன் மேல் கல்லைப் பதித்து மூடியிருக்கிறார்கள். அடியில் இருக்கிற ஈரம் வெளியே வருவதற்குக் கல்லைத் தவிர வேறு வழியில்லை. மணலில் அல்லது போர் தண்ணீரில் உப்பு இருந்தால் அதுவும் கூடவே வரும்.

ஆகவே, அந்த ஈரம் தீரும்வரை விடுங்கள். தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். காய்ந்த துணியால் துடைத்து, தூளைப் பெருக்கி அள்ளிவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு கோடை கழிந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பளபளப்புக்காக மேலே கோட்டிங் ஏதும் அடிக்க வேண்டாம், உள்ளே இருக்கிற ஈரத்தை அது அடைத்துப் போடும், பிறகு வெள்ளை கோட்டிங்குக்கு அடியிலேயே நின்றுவிடும். பூப்பது நின்ற பிறகு எங்கள் ஊரில் செய்வதைச் செய்யுங்கள். உமியைப் பரப்பித் தேய்த்து, பெருக்கித் தள்ளி, துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடையுங்கள். பிறகு நடக்க நடக்கத்தான் இந்தத் தரைக்கு மெருகு ஏறும். எங்கள் பக்கத்து வீடுகளில் ஆள் அதிகம் நடக்கிற இடத்துக் கல்தான் அதிகம் மின்னும், மூலையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற கல் மங்கலாகவே இருக்கும்.

இனி கல் பதிக்கப்போகிறவர்களுக்கு ஒன்று. ஆத்தங்குடிக் கல்லைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட், எலெக்ட்ரிக், தச்சு வேலை எல்லாம் முடிந்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு பதியுங்கள். கிரகப்பிரவேச நாளைக் குறிக்கும் முன்பு கல் பதிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சென்னையில் நாலாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். ஓய்வு பெற்ற நாங்கள் இருவரும் செட்டிநாட்டுக்காரர்கள். ஊர் ஞாபகமாக ஹாலில் இரண்டு பழைய தேக்குத் தூண் வைக்க ஆசை. காரைக்குடியில் எந்தக் கடையில் நல்ல தூண் கிடைக்கும்?
— வாசகர், ஆதம்பாக்கம்

முனீஸ்வரன் கோவில் தெருவில் கடைகள் வரிசையாக இருக்கின்றன ஐயா, தூணும் கிடைக்கும். ஆனால் வாங்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். அங்கே நிற்கிற ஒவ்வொரு தூணும் ஏதோ ஒரு வீட்டு வளவில் கூரையைத் தாங்கிக்கொண்டு இருந்தது. அந்த வீட்டைப் பிரித்ததால்தான் அது கடைக்கு வந்தது. பங்காளிகள் பத்துப் பேர் பத்து ஊரில் இருக்கும்போது, பிரித்து விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்குத்தான் வீட்டை விழவைக்கிறது. தூணுக்கு விலை ஏற ஏற அந்தக் கணக்கும் ஏறுகிறது. உங்கள் ஹாலில் அந்தத் தூண் எதையும் தாங்கப் போவதில்லை, சும்மா நிற்கும்.

அந்தப் பணத்தில் இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஒரு கைவேலைக்காரருக்கு வேலை கொடுங்கள். பத்தமடைப் பாயை எல்லோரும் கல்யாணச் சீராகத்தான் பார்க்கிறோம். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்கிற அந்தப் பாயைச் சட்டத்தில் பொருத்தி அலமாரிக் கதவுக்குப் போடலாம், ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடலாம். அளவு சொல்லிக் கொடுத்தால் நெய்துதருவார்கள். மடித்து வெட்ட வேண்டாம், ஓரம் பிரிந்துவிடும், ஆகவே தச்சர் சட்டம் போடுவதற்கு முன்பே பாயின் அகலம் தெரிந்திருக்க வேண்டும். குளியலறைப் பக்கம் மட்டும் வேண்டாம், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஊர் வேலைப்பாடு தரையில் இருக்கட்டும் என்றால் ஆத்தங்குடிக் கல்லே போடலாம். ஆனால் கல்லும் அடிச் சாந்துமாகச் சேர்ந்து சாதாரண டைல்ஸைவிட எடை கூடும், தரை மட்டமும் உயரும். கட்டடத்தின் என்ஜினீயரைக் கேட்டு, வாசற்கதவு இடிக்காதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

தேவகோட்டை பக்கம் தாத்தா கட்டிய வீடு. அடிச்சுவரில் மூன்றடி உயரம் வரை பூச்சு பொரிந்து விழுகிறது. மாடித் தளம் மழைக்கு ஒழுகுகிறது. சுவரைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கலாம், மெட்ராஸ் டெரஸை உடைத்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். அண்ணன் தம்பிகள் நாங்கள் மூன்று பேரும் செலவைப் பங்கிட்டுக்கொள்ளத் தயார். செய்யலாமா?
— வாசகர், மலேசியா

மூன்று பேரும் ஒன்றாக நிற்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். இந்த ஊரில் பாதி வீடுகள் அது இல்லாமல்தான் போகின்றன.

சிமெண்ட் பூசாதீர்கள். இதை நான் ஒரு வீட்டைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். படித்து முடித்து வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் பழைய வீடு. உங்கள் வீடு மாதிரியேதான், அடியில் ஈரம். நான்கடி உயரத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசச் சொன்னேன். முதல் மழைக்காலம் நன்றாக இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் வீட்டுக்கார ஆச்சி ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் சிமெண்ட் அப்படியே இருக்கிறது, அதற்கு மேலே ஆறடி ஏழடி உயரத்தில், எண்பது வருஷமாகக் கண்ணாடி மாதிரி நின்ற முட்டைப் பூச்சு, அதாவது சுண்ணாம்பை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துத் தேய்த்த பூச்சு, பொரிந்து தொங்குகிறது. அங்கே வேலைக்கு வந்திருந்த வயதான கொத்தனார் ஒருவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தண்ணிக்குப் போக வழி வேணும்ல தாயி. நீங்க கீழ கதவ அடைச்சீங்க, அது மாடி ஏறிருச்சு.” ஆச்சி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பூச்சுத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு தாம்பாளத்தில் வைத்திருந்தார். இன்றைக்கும் அது கண்ணில் நிற்கிறது.

தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் சுத்தமாக விடாது. ஆகவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பின்கட்டில் சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்குகிறதா? தெரு ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் மழைத் தண்ணீர் உங்கள் பக்கம் திரும்பிவிட்டதா? முற்றத்து மழைநீர் போகிற வழி அடைத்திருக்கிறதா? அதைச் சரி செய்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் பொரிந்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு வெயில் காலம் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசுங்கள். நல்ல சுட்ட சுண்ணாம்பை வாங்கிக் குழியில் தாளித்து வைக்க வேண்டும். தண்ணீர் விட்டதும் கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கிளறுகிறவர் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். ஒரு மாதமாவது குழியில் தண்ணீருக்கு அடியில் கிடக்கட்டும். கூடக் கிடந்தால் இன்னும் நல்லது, வெண்ணெய் பதத்துக்கு வரும். கடுக்காயைத் தட்டிப்போட்டுக் கருப்பட்டியோடு பானைத் தண்ணீரில் ஊறவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் நுரைத்துப் புளித்த வாசனை வரும். அந்தத் தண்ணீரை விட்டுச் சாந்தைக் குழைத்தால் கரணைக்கு இழுவை வரும், பூச்சும் கெட்டிப்படும். ஈரம் ஏறுகிற அடிச்சுவருக்குச் சாந்தில் செங்கல் பொடி சேர்க்கச் சொல்லுங்கள், ஈரத்திலும் இறுகும். மேலே இருக்கிற முட்டைப் பூச்சை யாரும் தொட வேண்டாம், அதன் ஓரத்தில் புதுப் பூச்சை ஒட்ட வைப்பதற்கு மட்டும் தெரிந்த கை வேண்டும்.

மாடிக்கு வருகிறேன். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்திரங்களின் மேல் அச்சுக்கல்லை, அதாவது சன்னமான சிறு செங்கல்லை, சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி, அறையின் மூலையிலிருந்து குறுக்காக வரிசை கட்டுவது. அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டுகிறபோது பாட்டு இருக்கும், பாட்டின் தாளத்துக்குத்தான் அடி விழும். கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். இவ்வளவும் செய்த தளத்தை ஒழுகுகிறது என்பதற்காக உடைக்காதீர்கள். பெரும்பாலும் ஒழுகுவது தளம் அல்ல, அதன் ஓரங்கள்தான். தட்டோட்டு இடுக்குகள், கைப்பிடிச் சுவர் சேருகிற மூலை, மழைநீர்க் குழாய் வாய், அங்கே முளைத்த அரசங்கன்று. கன்றை வேரோடு எடுத்து, தட்டோடு கழன்ற இடத்தில் திரும்பப் பதித்து, இடுக்கைச் சுண்ணாம்பால் அடையுங்கள். உத்திரத்தின் நுனி சுவருக்குள் போகிற இடத்தைச் சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் பயமில்லை. பொத்தென்று கேட்டால் உளுத்திருக்கிறது, அதையும் ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்து மாற்றலாம். எல்லா உத்திரமும் போயிருந்தால் மட்டும் வேறு வழி யோசிப்போம். படம் எடுத்து அனுப்புங்கள்.

சுண்ணாம்புப் பூச்சு பூசினால் ஏ.சி. தேவைப்படாது என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, வேலூர்

இல்லை. பழைய வீடு குளுமையாக இருப்பதற்குத் தடித்த சுவரும் உயரமான கூரையும் முற்றத்தில் ஏறி வெளியேறுகிற சூடான காற்றும் முக்கியக் காரணங்கள். நாலரை அங்குலச் சுவரில் அரை அங்குலம் சுண்ணாம்பு பூசிவிட்டு வேலூர் வெயிலைத் தாங்கச் சொல்வது நியாயமில்லை. மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள், ஒரு முற்றத்துக்கு இடம் விடுங்கள். பூச்சு அதற்குப் பிறகு.

நான் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு மாணவி. பாரம்பரியக் கைவேலை என்றாலே வகுப்பில் ரிசார்ட் அலங்காரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இன்றைய கட்டடத்தில் அதற்கு உண்மையான இடம் இருக்கிறதா?
— வாசகி, திருச்சிராப்பள்ளி

அலங்காரமாக வைத்தால் ஒதுக்கத்தான் செய்வார்கள் மகளே. அதைக் கட்டடத்தின் எலும்பாக வைத்தவர்களைப் போய்ப் பார்.

ஆரோவில்லுக்குப் போ. கட்டட வடிவமைப்பாளர் அனுபமா குண்டூ தனக்காகக் கட்டிக்கொண்ட வால் ஹவுஸ் 2000-ஆம் ஆண்டில் முடிந்தது. மேலே மெட்ராஸ் டெரஸுக்குச் சொன்னேனே, அதே அச்சுக்கல், அதே சுண்ணாம்புச் சாந்து. ஆனால் வீட்டைப் பார்த்தால் பழைய வீட்டின் நகல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூரை வளைவுக்குக் குயவர் செய்த மண்குழாய்கள். பானை சட்டி விற்காமல் சக்கரத்தை நிறுத்தப்போன குயவருக்குக் கூரை செய்கிற வேலை கிடைக்கும் என்று அந்த வீடு காட்டுகிறது. 2012-இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் இதே வீட்டை முழு அளவில் கட்டினார்கள். இங்கிருந்து கைவேலைக்காரர்கள் போய், அங்கே மாணவர்களோடு சேர்ந்து கட்டினார்கள். கரணை பிடிக்கிறவர் அங்கே ஆசிரியராக நின்றார்.

புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டப் பட்டறையைக் கேள்விப்பட்டிருப்பாய். அந்த மீக்கர் பச்சை மண் கல்லில் வீட்டையே கட்டி, உள்ளே தீ மூட்டி, வீட்டைச் சூளை மாதிரி வேகவைத்துப் பார்த்தவர். வீட்டுக்குள்ளேயே டைல்ஸும் செங்கல்லும் அடுக்கிச் சேர்த்துச் சுடலாம். எல்லா இடத்துக்கும் ஒத்துவரும் முறை என்று சொல்ல மாட்டேன், விறகு நிறைய வேண்டும். ஆனால் குயவருக்குத் தெரிந்த நெருப்பை ஒரு கட்டடக்காரர் மதித்துக் கற்றுக்கொண்டார், அதைப் பார்.

கேரளத்தில் செலவு குறைந்த வீடுகளைக் கட்டிய லாரி பேக்கரை நீ படித்திருப்பாய், இருந்தாலும் அவருடைய ஃபில்லர் ஸ்லாபை மறுபடி நினைத்துப் பார். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இருக்கிற கான்கிரீட் கம்பியைப் பிடித்து வைப்பதைத் தவிரப் பெரிய பாரம் எதையும் தாங்குவதில்லை. அந்த இடத்தில் ஓடு வைத்தார். கான்கிரீட்டும் கம்பியும் மிச்சம், எடை குறைவு, அடியில் ஓட்டின் சிவப்பு தெரிகிறது. ஓடு அங்கே அழகுக்காக வரவில்லை, கணக்குப் போட்டுத்தான் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிற தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் அவர் கை பட்டதுதான், கட்டட வடிவமைப்பாளர் பென்னி குரியாகோஸோடு சேர்ந்து. 1996-இல் திறந்தார்கள். அங்கே இருக்கிற செட்டிநாட்டு வீட்டைப் பார்க்கும்போது, பிரித்து எடுத்துவந்த மரங்களைத் தச்சர்கள் எப்படித் திரும்பப் பூட்டினார்கள் என்று மூட்டுக்களைத் தடவிப் பார்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உன் அடுத்த டிசைனில், வரைபடம் முடிந்த பிறகு “இங்கே டெரகோட்டா ஜாலி” என்று சுட்டமண் சல்லடை ஜன்னலுக்கு அம்புக்குறி போடாதே. வரைவதற்கு முன்பு மானாமதுரைக்கு ஒரு பஸ் பிடி. அங்கே ஒரு குயவரைப் பார்த்து, அவருடைய சூளை வாய் எவ்வளவு அகலம், சக்கரத்தில் எவ்வளவு உயரம் ஏற்ற முடியும், காயும்போது மண் எவ்வளவு சுருங்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. அந்த அளவிலிருந்து உன் ஜன்னலை வரை. என் அப்பா கொத்தனார். பிளானைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் சொல்வது, “இந்த அளவு கல்லு எங்கம்மா இருக்கு?” என்பதுதான். எனக்கு எந்தக் கல்லூரியும் அந்தக் கேள்வியைக் கற்றுத்தரவில்லை.

நாட்டு ஓடு போட ஆசை. எங்கள் ஊரில் குரங்குத் தொல்லை. உடைத்துவிடாதா?
— வாசகர், சிறுமலை அடிவாரம்

உடைக்கும் ஐயா. புரட்டியும் போடும். அந்த ஊரில் நாட்டு ஓடு மட்டும் போட்டால் ஒவ்வொரு ஆடியிலும் ஓடு மாற்றுகிற ஆளைத் தேட வேண்டியிருக்கும். மாணவிக்குச் சொன்ன ஃபில்லர் ஸ்லாபைச் சரிவாகப் போட்டு, ஓட்டை அடியில் தெரிகிற மாதிரி வையுங்கள். கான்கிரீட் மேல் ஓட்டைச் சாந்தில் புதைத்து வைக்கச் சொல்வார்கள், எனக்கு அது பிடிக்காது. காற்றோட்டம் போய்விடும், உடைந்த ஓட்டைத் தனியாக எடுக்கவும் முடியாது.

அம்மா, நான் முட்டைப் பூச்சு வேலை செய்கிற கொத்தனார். வயது 61. அப்பாவிடம் கற்றது. வருஷத்துக்கு இரண்டு வேலை, மூன்று வேலை வருகிறது, மற்ற நாளெல்லாம் சிமெண்ட் பூச்சுத்தான். சதுர அடிக்கு சிமெண்டுக்கு என்ன கொடுக்கிறார்களோ அதையே இதற்கும் கொடுக்கிறார்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இந்த வேலை என்னோடு போய்விடுமோ என்று இருக்கிறது. அவனைக் கூப்பிட்டுக் கற்றுக்கொடுக்கட்டுமா? கூப்பிட்டால் அவன் பிழைப்பு கெட்டுவிடுமா?
— சிவகங்கை மாவட்டம்

அண்ணே, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன்.

பரம்பரைத் தொழில் அழியக் கூடாது என்று சொல்லி மகனைக் கூப்பிடாதீர்கள். அவனுக்குக் குடும்பம் இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்து வருஷத்துக்கு மூன்று வேலையில் எப்படிப் பிழைப்பான்? உங்கள் வேலையைப் பார்த்து ஆகா என்கிறவர்கள் யாரும் அவன் வீட்டு வாடகையைக் கொடுக்கப் போவதில்லை.

கூலியில்தான் முடிச்சு இருக்கிறது. சிமெண்ட் பூச்சு பூசினோம், தண்ணீர் ஊற்றினோம் என்று போய்விடும். உங்கள் வேலையில் ஒரு கோட் பூசி, அது சுண்டுகிற பக்குவம் பார்த்து அடுத்த கோட், கடைசியில் வெண்மையான சன்னச் சுண்ணாம்பை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசி, அது காய்ந்து போவதற்குள் கூழாங்கல்லால் மணிக்கணக்காகத் தேய்க்க வேண்டும். என் அப்பா தேய்க்கும்போது பேசமாட்டார், தண்ணீர் கேட்டால்கூடக் கையைத்தான் காட்டுவார். சுவரில் வேர்வை மாதிரி ஈரம் வெளியே வரும், அதைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டுத் திரும்பத் தேய்ப்பார். இதற்குச் சதுர அடிக் கணக்கு பேசினால் ஒன்று உங்களுக்கு நஷ்டம், இல்லை என்றால் இரண்டு கோட்டைக் குறைத்து வேலையைக் கெடுக்க வேண்டிவரும். இனிமேல் நாள் கூலிதான் என்று சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு கூலி, கூட வருகிற சித்தாளுக்குத் தனிக் கூலி. சுண்ணாம்புக்கு முன்பணம். ஒரு சுவரில் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி பூசிக் காட்டுங்கள், அந்த நாளுக்கும் கூலி வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாதவர் வேலையை விட்டுவிடுங்கள். அவருக்குச் சுவர் மினுங்கினால் போதும், அதற்கு பெயிண்ட் இருக்கிறது.

வீடு கட்டுகிற மற்ற வாசகர்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புப் பூச்சு வேண்டுமென்றால் பூச்சு வேலை வரும்போது கொத்தனாரைத் தேடாதீர்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற அன்றைக்கே கூப்பிடுங்கள். அன்றைக்கே மனையின் ஒரு மூலையில் குழி வெட்டிச் சுண்ணாம்பைத் தாளித்துப் போட்டுவிட்டால், சுவர் எழுந்து கூரை ஏறுகிற நாளில் அது பதமாகியிருக்கும். அவருக்கும் நான்கைந்து மாதத்துக்கு முன்பே ஒரு வேலை நிச்சயமாகிவிடும், மகனையோ வேறு ஒரு பையனையோ தைரியமாகக் கூட வைத்துக்கொள்வார்.

அண்ணே, காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வராண்டா என் கையில் இருக்கிறது. அறுபதடி நீளச் சுவர், முழுக்க முட்டைப் பூச்சு. தை பிறந்ததும் தொடக்கம், நாள் கூலி. மகனுக்குப் பொங்கல் லீவு எத்தனை நாள் என்று கேளுங்கள். அந்த நாட்களுக்கு மட்டும் அவன் வரட்டும், அவனுக்கும் கூலி உண்டு. வேலை பிடித்ததா, இதில் ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தால் திருப்பூரை விட்டு வருவான் என்று அவனே சொல்லட்டும், அந்த நாட்களைத் தேடுகிறது என் பொறுப்பு. சுண்ணாம்பை ஐப்பசியிலேயே தாளித்துக் குழியில் விட்டிருக்கிறேன். தை பிறப்பதற்கு முன்பு ஒரு நாள் வந்து கிளறிப் பார்த்துவிட்டு, பதம் வந்துவிட்டதா, இன்னும் கிடக்க வேண்டுமா என்று சொல்லிவிட்டுப் போங்கள்.